எப்ப நிறுத்துவாங்கன்னு தெரியாத வேலை: ஓசூர் பக்கம் கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நடுவுல என்ன மாறுது?

2025 நவம்பர் 21-ல நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அமலுக்கு வந்துடுச்சுன்னு மத்திய அரசு அறிவிச்சதுல இருந்து, ஓசூர் சிப்காட் பக்கம் எந்த டீக்கடைல நின்னாலும் ரெண்டு பேச்சு காதுல விழுது. ஒண்ணு, இனிமே ஒரு வருஷம் வேலை பார்த்தாலே கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போறப்ப சர்வீஸுக்காகத் தர்ற தொகை, உண்டாம். இன்னொண்ணு, இனிமே பெர்மனென்ட்னு ஒண்ணே கிடையாதாம், எல்லாருக்கும் தேதி போட்ட ஆர்டர் தானாம். ரெண்டுலயும் பாதி உண்மை, பாதி காத்துவாக்குல வந்தது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கீழ வருது. அதுக்கு முன்னாடி புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. வேலை நிலைக்குமா நிலைக்காதான்னு தெரியாமலே ஒருத்தர் தினமும் கேட்டுக்குள்ள போயிட்டு வந்தா அவருக்கும் கம்பெனிக்கும் இருக்கிற உறவு எப்படி மாறும், அதுல யாருக்கு என்ன நஷ்டம்? பயம் இருந்தாத்தான் வேலை நடக்கும்னு நம்புற மேனேஜ்மென்ட் இன்னும் நிறைய இருக்கு. பயத்தால ஆள் ஒழுங்கா வருவாங்க, கையும் வேகமா ஓடும், அது வரைக்கும் சரி. ஆனா லைன்ல எங்க என்ன தப்பு நடக்குதுன்ற தகவல் மேல போகாம நின்னுடும். கம்பெனிக்கு நெஜமாவே காசு போறது அந்த இடத்துல தான்.

தற்காலிகம் வேற, நிச்சயமில்லாதது வேற

இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கிறது தான் முதல் தப்பு.

கிருஷ்ணகிரி சுத்துவட்டாரத்துல மாம்பழக்கூழ் ஃபேக்டரிங்க இருக்கு. மே மாசம் பெங்களூரா மாங்காய் வரத்து ஆரம்பிச்சா ஓட்டம், வரத்து நின்னா ஃபேக்டரியும் நிக்கும். காய் தரம் பிரிக்கிறது, கழுவுறது, லைன்ல நிக்கிறதுன்னு வர்றவங்க நிறைய பேர் பக்கத்து ஊரு பொம்பளைங்க. அது சீசன் வேலை, அதுல யாருக்கும் ஏமாத்தம் கிடையாது. எப்ப ஆரம்பிக்கும், ஏறக்குறைய எப்ப முடியும், அதுக்கப்புறம் எந்தக் காட்டுல களை எடுக்கப் போகலாம்னு முன்கூட்டியே ஒரு கணக்கு இருக்கு. மறு வருஷமும் மேஸ்திரி கூப்பிடுவாருன்னு ஒரு நம்பிக்கை. கூலி கம்மின்னு சண்டை வரும், அது வேற விஷயம். இங்க வேலை தற்காலிகம், ஆனா அதோட போக்கு தெரியும்.

இதுக்கு நேர் எதிரா, ஒரு பாகத் தயாரிப்பு கம்பெனில நாலு வருஷமா ஒரே மிஷின்ல நிக்கிற காண்ட்ராக்ட் தம்பிய எடுத்துக்கோங்க. நாலு வருஷம்னா குறைஞ்ச காலம் இல்ல. ஆனா வர்ற திங்கக்கிழமை கேட்ல பஞ்ச் வெச்சா கதவு தொறக்குமான்னு அவருக்குத் தெரியாது. மாசக் கடைசியில ஆர்டர் கம்மின்னு சூப்பர்வைசர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தா அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

1984-ல கிரீன்ஹால்ஷ், ரோசன்பிளாட்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதுக்கு ஒரு விளக்கம் கொடுத்தாங்க. வேலைக்கு ஆபத்து இருக்குன்னு தோணணும், அந்த ஆபத்தைத் தடுக்க நம்ம கையில ஒண்ணுமே இல்லன்னும் தோணணும், ரெண்டும் சேர்ந்தது தான் வேலை நிச்சயமின்மை. ரெண்டாவது பாதியை நல்லா கவனிக்கணும். ஆபத்து பெருசா இருந்தாலும் யூனியன் கேக்கும், நோட்டீஸ் தருவாங்க, கைல ஒரு தொகை வரும்னு தெரிஞ்சா மனுஷன் தாங்கிக்குவான். ஆபத்து சின்னதா இருந்து, கேக்க நாதி இல்லன்னா அது தான் ஆளைத் தின்னும்.

பின்னாடி வந்த ஆய்வாளர்கள் இதையே ரெண்டா பிரிச்சாங்க. வேலையே போயிடுமோன்ற பயம் ஒரு வகை. வேலை இருக்கும், ஆனா ஓ.டி போயிடும், டிபார்ட்மென்ட் மாத்திடுவாங்க, இன்க்ரிமென்ட் நின்னுடும், நைட் ஷிப்டே நிரந்தரமாயிடும்ன்ற பயம் இன்னொரு வகை. பெர்மனென்ட் ஆளுங்களுக்கு பெரும்பாலும் ரெண்டாவது வகை, அதனால அவங்களும் நிம்மதியா இருக்காங்கன்னு நினைச்சுடக் கூடாது.

ஒரே லைன், நாலு விதமான ஆளு

ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்னு எங்க போனாலும் ஒரே லைன்ல ஒரே வேலை பண்றவங்க ஒரே மாதிரி ஆள் இல்ல. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு இது புரியாது.

1. கம்பெனி ரோல். பெர்மனென்ட். சம்பள ஒப்பந்தம், யூனியன், கேன்டீன் சலுகை, பசங்க படிப்புக்கு ஏதாவது உதவின்னு இருக்கும். பல இடத்துல இவங்க வயசு 45 தாண்டிடுச்சு.

2. தேதி போட்ட ஆர்டர். கம்பெனியே நேரா எடுக்கும், ஆனா இந்த நாள்ல இருந்து இந்த நாள் வரைக்கும்னு போட்டிருக்கும். புது சட்டத்துல பேசப்படுற ஃபிக்ஸட் டேர்ம் இது தான்.

3. காண்ட்ராக்ட். சம்பளம் போடுறது கான்ட்ராக்டர், வேலை வாங்குறது கம்பெனி.

4. ட்ரெய்னி, அப்ரென்டிஸ். 1961 அப்ரென்டிஸ் சட்டப்படி இவங்க தொழிலாளியே இல்ல, கத்துக்க வந்தவங்க. அதனால தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது, கைக்கு வர்றது சம்பளம் இல்ல, ஸ்டைபெண்ட். கத்துக்கிறது எத்தனை நாள், புரொடக்‌ஷன் டார்கெட் அடிக்கிறது எத்தனை நாள்னு எந்த ஐ.டி.ஐ பையனைக் கேட்டாலும் சொல்லுவான்.

சட்டை நிறத்தை வெச்சே யார் எதுன்னு கண்டுபிடிக்கிற கம்பெனிங்க இருக்கு. ஒரே நட்டை ஒரே இறுக்கத்துல முறுக்குற ரெண்டு பேருக்கு சம்பளம் பாதிக்குப் பாதி வித்தியாசப்பட்டா, முதல்ல கெடுறது கம்பெனியோட இருக்கிற உறவு கூட இல்ல, பக்கத்துல நிக்கிறவனோட இருக்கிற உறவு.

பேப்பர்ல இல்லாத ஒப்பந்தம்

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல இருக்கிறது சம்பளம், நேரம், லீவு. ஆனா ரெண்டு பக்கமும் மனசுல இன்னொரு ஒப்பந்தம் ஓடிக்கிட்டு இருக்கும். நான் விசுவாசமா உழைக்கிறேன், கஷ்டகாலத்துல நீ என்னைக் கைவிடக் கூடாது, இது தொழிலாளி பக்கம். நான் உன்னை ட்ரெய்ன் பண்றேன், நீ நடுவுல விட்டுட்டு ஓடக் கூடாது, இது கம்பெனி பக்கம். இதை உளவியல் ஒப்பந்தம்னு சொல்லுவாங்க. 1960-லயே கிறிஸ் ஆர்ஜிரிஸ் இந்தப் பேரைப் பயன்படுத்தினாரு, 1989-ல டெனிஸ் ரூசோ இதை விரிச்சு எழுதினாங்க.

ஓசூருக்கு இது ஏட்டுச்சுரைக்காய் இல்ல. கிருஷ்ணகிரி தனி மாவட்டமா பிரிஞ்சது 2004-ல தான், அதுக்கு முன்னாடி ஓசூரு தர்மபுரி மாவட்டம். மானாவாரி பூமி, மழை பொய்ச்சா பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போறது தான் வழி. அப்படிப்பட்ட இடத்துல 1980-ல டி.வி.எஸ் மொபெட் ஓசூர்ல இருந்து வெளிய வந்துச்சு, அசோக் லேலண்ட் வந்துச்சு, அப்புறம் டைட்டன் வாட்ச் ஃபேக்டரி வந்துச்சு. அந்தத் தலைமுறையில கம்பெனி ரோல்ல ஏறினவங்களுக்கு வேலைன்றது சம்பளம் மட்டும் இல்ல. பேங்க்ல ஹவுசிங் லோன் கிடைச்சுது, பொண்ணு கொடுக்க ஆள் வந்தாங்க, ஊர்ல பேருக்கு முன்னாடி கம்பெனி பேரு ஒட்டிக்கிச்சு. அதுக்குப் பதிலா அவங்க கொடுத்தது 30 வருஷம்.

இப்ப அந்த மனசு ஒப்பந்தத்துல ஒரு பக்கம் வாபஸ் வாங்கியாச்சு, இன்னொரு பக்கம் மட்டும் அப்படியே இருக்கணும்னு எதிர்பார்க்கிறாங்க. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு கம்பெனி மேல பற்றே இல்ல"ன்னு ஹெச்.ஆர் ஆளுங்க மீட்டிங்ல அலுத்துக்கிறது சகஜம். நாளைக்கு காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு தெரிஞ்ச வாடகை வீட்டுக்கு யாரு சார் வெள்ளையடிப்பாங்க?

பயம் வேலை வாங்குமா?

இந்தக் கேள்விய பொருளாதாரக்காரங்க சீரியஸாவே எடுத்துக்கிட்டாங்க. 1984-ல ஷாபிரோ, ஸ்டிக்லிட்ஸ் ரெண்டு பேரும் எழுதின கட்டுரையோட சாரம் இது: வெளியில வேலையில்லாதவங்க நிறைய இருந்தா உள்ள இருக்கிறவன் டிமிக்கி கொடுக்க மாட்டான், ஏன்னா மாட்டினா போறது பெருசு. கேட்டுக்கு வெளிய நூறு பேர் நிக்கிறாங்கன்னு சூப்பர்வைசர் சொல்றாரே, அதே விஷயம் தான், அவங்க கணக்குப் போட்டு சொன்னாங்க.

ஆனா இந்தக் கணக்குல ஒரு நிபந்தனை இருக்கு. ஒழுங்கா வேலை பார்த்தா வேலை இருக்கும், டிமிக்கி கொடுத்தா போகும், அதாவது வேலை போறதும் போகாததும் அவன் நடத்தையைப் பொறுத்து இருக்கணும். ஓசூர்ல காண்ட்ராக்ட் ஆளுக்கு வேலை போறது பெரும்பாலும் அவன் நடத்தையாலயா? சென்னையிலயோ புனேலயோ இருக்கிற வண்டி கம்பெனி அடுத்த மாச ஷெட்யூலைக் குறைச்சிடுச்சு, அதனால. நல்லா பண்ணாலும் போகும், சுமாரா பண்ணாலும் போகும்னா பயத்துக்கும் உழைப்புக்கும் இருக்கிற கயிறு அங்கயே அறுந்து போச்சு.

ஸ்வெர்கே, ஹெல்கிரென், நாஸ்வால் மூணு பேரும் 2002-ல பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தப்பவும், வேலை நிச்சயமின்மை கூடக் கூட வேலைத் திருப்தி, கம்பெனி மேல நம்பிக்கை, பற்று, உடம்பு மனசு நலம் எல்லாம் குறையுது, விட்டுட்டுப் போற எண்ணம் கூடுதுன்னு வந்துச்சு. வேலைத் திறமையோட தொடர்பு மட்டும் அவ்வளவு தெளிவா வரல. அதாவது கை ஓடிக்கிட்டு தான் இருக்கும், அதனால மேனேஜருக்கு ரிப்போர்ட்ல எதுவும் வித்தியாசமா தெரியாது. பிரச்சனையே அது தான்.

எப்படி தெரியாமப் போகுதுன்னு ஒரு உதாரணத்துல பார்க்கலாம். ஒரு சி.என்.சி மிஷின், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுற மிஷின், பேரிங் உக்கார்ற துளையை போரிங் பண்ற, அதாவது அளவுக்குக் குடைஞ்சு எடுக்கிற வேலை. நைட் ஷிப்ட், மணி நாலரை. டூல் நுனில வெட்டுற இன்சர்ட் தேய ஆரம்பிச்சா துளை மைக்ரான் கணக்குல சின்னதாகிட்டே வரும். அதைப் புடிக்கத் தான் கோ, நோ-கோ கேஜ், துளைக்குள்ள விட்டு அளவு சரியான்னு பார்க்கிற கருவி. கோ பக்கம் வழுக்கிக்கிட்டு உள்ள போகணும். இப்ப டைட்டா போகுது, லேசா அழுத்தினா போயிடும்.

மிஷின்ல நிக்கிற ட்ரெய்னி பையன் ஆஃப்செட்டை, அதாவது மிஷின்ல டூலோட அளவைத் திருத்துற செட்டிங்கை, தொடக் கூடாது, மிஷினை செட் பண்ற செட்டரைக் கூப்பிடணும். அவர் வந்து, இன்சர்ட் மாத்தி, முதல் பீஸ் குவாலிட்டிக்கு அனுப்பி, ஓகே வாங்கி ஓட்ட அரை மணி நேரம். கடைசியா ஓட்டின பீஸை எல்லாம் எடுத்து ஹோல்ட் டேக் கட்டி ஒதுக்கி வெச்சு திரும்ப செக் பண்ணணும்.

"அண்ணா, கேஜ் டைட்டா போகுது, பார்க்கிறீங்களா?"

"ஏம்பா, இந்த மாசம் உன் பேர்ல ஏற்கெனவே ரெண்டு ரிஜெக்சன் இருக்கு. போகுது இல்ல? போட்டு ஓட்டு. காலைல ஃபர்ஸ்ட் ஷிப்ட் பார்த்துக்குவாங்க."

மாசக் கடைசில யாரை நிறுத்துறதுன்னு லிஸ்ட் போடுறப்ப டார்கெட் ஷீட்டும் ரிஜெக்சன் ஷீட்டும் தான் மேஜை மேல இருக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அந்த அண்ணனும் காண்ட்ராக்ட்ல இருக்கலாம், அவரும் பாவம் தான். பையன் கட்டை விரலால கேஜை அழுத்துறான், பீஸை நல்ல டப்பால போடுறான். ஷிப்ட் முடியுறதுக்குள்ள ஒரு அம்பது, அறுபது பீஸ் போயிடும். மூணு வாரம் கழிச்சு கஸ்டமர் லைன்ல பேரிங் உக்காரலன்னு ஃபோன் வரும். இங்க இருந்து நாலு பேரை வண்டி ஏத்தி அனுப்பி அங்க இருக்கிற ஸ்டாக் முழுக்க ஒண்ணு ஒண்ணா சார்ட்டிங் பண்ணணும், சப்ளையர் ரேட்டிங் இறங்கும், செலவை நம்ம பணத்துல இருந்து புடிக்கிற டெபிட் நோட் வரும். அரை மணி நேர நிறுத்தத்தை மிச்சம் பண்ணது இவ்வளவுல வந்து நிக்கும். அந்தப் பையன் அதுக்குள்ள வேற கம்பெனிக்குப் போயிருப்பான், யார் ஷிப்ட்ல நடந்துச்சுன்னு கண்டுபுடிச்சாலும் கேக்க ஆள் இருக்காது.

தரக் கட்டுப்பாட்டுல பெரிய பேரான எட்வர்ட்ஸ் டெமிங் நிர்வாகத்துக்கு 14 அம்சம் வகுத்தாரு, அதுல எட்டாவது, வேலை இடத்துல இருந்து பயத்தை விரட்டுன்றது. ஓசூருக்கு டெமிங் புதுசு இல்ல, அவர் பேர்ல ஜப்பான் கொடுக்கிற பரிசை டி.வி.எஸ் மோட்டார் 2002-ல வாங்கியிருக்கு. சின்ன சப்ளையர் கம்பெனிலயும் சுவர்ல குவாலிட்டி பாலிசி போர்டு தொங்கும். போர்டுல எழுதினதுக்கும் காண்ட்ராக்ட் லிஸ்ட் போடுற முறைக்கும் ஒட்டாது, அதை மட்டும் யாரும் மீட்டிங்ல எடுக்க மாட்டாங்க.

தகவல் நிக்கிறது மிஷின்ல மட்டும் இல்ல. அடிபட்டா சொல்ல மாட்டான், சின்ன வெட்டுக்கு துணிய சுத்திக்கிட்டு வேலை பார்ப்பான், ஈ.எஸ்.ஐ ஆஸ்பத்திரிக்குப் போனா நாளைக்கு வராதேன்னு சொல்லிடுவாங்களோன்னு. மிஷின்ல ஆள் அடிபடாம தடுக்கிற சேஃப்டி தடுப்பு வேலை செய்யலன்னா அதை பைபாஸ் பண்ணி ஓட்டுறது தெரிஞ்சும் வாய மூடிக்குவான். வேலையை இன்னும் சுளுவா செய்ய ஒரு யோசனை மனசுல இருந்தாலும் சொல்ல மாட்டான், மூணு பேர் வேலையை ரெண்டு பேர் பண்ணலாம்னு சொன்னா அந்த மூணாவது ஆளா தானே போகணும்?

பழையவங்க ஏன் சொல்லிக் கொடுக்க மாட்டேங்குறாங்க

இது தனியா சொல்ல வேண்டிய விஷயம். வேலை கத்துக்கிறதுல பாதி கிளாஸ் ரூம்ல நடக்காது, பக்கத்துல நிக்கிற மூத்தவர் சொல்லிக் கொடுத்து வர்றது. மிஷின் சத்தம் மாறினா எந்த பெல்ட்டுன்னு தெரியறது, எந்த லாட் காஸ்டிங் கடினமா இருக்கும்னு கையில எடுத்ததும் தெரியறது, இதெல்லாம் எந்த வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன்லயும் இருக்காது. நான் சொல்லிக் கொடுக்கிற பையன் என் சம்பளத்துல பாதிக்கு வேலை பார்க்கிறான், அடுத்த வி.ஆர்.எஸ், அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம், வந்தா என்னை அனுப்பிட்டு அவனை வெச்சு ஓட்டுவாங்கன்னு ஒருத்தருக்கு தோணிடுச்சுன்னா, அவர் கைத்தொழிலைக் கையோட தான் வெச்சுக்குவாரு. அதை சுயநலம்னு திட்டுறதுல பிரயோஜனம் இல்ல, அவர்கிட்ட மிஞ்சியிருக்கிற ஒரே பிடிமானம் அது.

சின்னப் பசங்க பக்கம் கணக்கு வேற. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் இருந்து வந்து ஓசூர்ல ரூம்ல அஞ்சாறு பேரா தங்கியிருக்கிற பையன், பக்கத்து கம்பெனில ஐநூறு, ஆயிரம் கூட கொடுக்கிறாங்கன்னா சொல்லாம கொள்ளாம மாறிடுவான். ஊர்ல திருவிழான்னா ஒரு வாரம் வரமாட்டான், போனா போகட்டும்னு. அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூரு, வேற வேலை கிடைக்காமலா போகும்? கம்பெனி இதைப் பார்த்து இவங்களை நம்ப முடியாது, அதனால தான் பெர்மனென்ட் பண்றதில்லன்னு சொல்லும். அவன், பெர்மனென்ட் பண்ண மாட்டாங்க, அதனால தான் மாறுறேன்னு சொல்லுவான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வளர்த்து விடுது. இதுல முதல் அடி எடுத்து வைக்க வேண்டியது யாருன்னு கேட்டா, என் கணக்குல கம்பெனி தான், ஏன்னா காத்திருந்து பார்க்கிற வசதி அவங்களுக்கு தான் இருக்கு.

நடுவுல கான்ட்ராக்டர்: யார்கிட்ட போய் கேக்கிறது?

காண்ட்ராக்ட் முறைல உறவு ரெண்டு பேருக்கு நடுவுல இல்ல, மூணு பேருக்கு. கம்பெனிகிட்ட கேட்டா உன் ஆள் அவரு, அவரைக் கேளும்பாங்க. கான்ட்ராக்டரைக் கேட்டா மேல இருந்து ஆள் குறைக்கச் சொல்லிட்டாங்க, நான் என்ன தம்பி பண்றதும்பாரு. திட்டுறது ஒருத்தர், சம்பளம் போடுறது ஒருத்தர், நிறுத்த முடிவு எடுக்கிறது பேர் தெரியாத மூணாவது ஒருத்தர்.

சட்டத்துல கம்பெனி அவ்வளவு சுலபமா கை கழுவ முடியாது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துல இருந்த விதி புது தொகுப்புலயும் இருக்கு: கான்ட்ராக்டர் சம்பளம் தரலன்னா முதன்மை முதலாளி, அதாவது வேலை வாங்குற கம்பெனி, தந்துட்டு அப்புறம் அவர்கிட்ட வசூல் பண்ணிக்கணும். பி.எஃப், ஈ.எஸ்.ஐ கட்டாம விட்டாலும் பொறுப்பு கம்பெனி வரைக்கும் வரும். ஆனா வேலையை நிரந்தரமாக்குற விஷயத்துல உச்ச நீதிமன்றம் 2001-ல ஸ்டீல் அத்தாரிட்டி வழக்குல, காண்ட்ராக்ட் முறைய அரசு தடை பண்ணாலும் அந்த ஆளுங்க தானாவே கம்பெனி ஊழியர் ஆகிட மாட்டாங்கன்னு சொல்லிடுச்சு. காண்ட்ராக்டே வெறும் போலி, கணக்குக்காக காட்டினதுன்னு நிரூபிச்சா தான் கதை மாறும், அதை நிரூபிக்கிற பாரம் பெரும்பாலும் தொழிலாளி தலைல.

240, 480, 5: சட்டம் போட்ட கோடுகள்

இந்த மூணு நம்பரும் தெரிஞ்சா நிறைய விஷயம் புரியும்.

1. 240 நாள். 1947 தொழில் தகராறு சட்டப்படி 12 மாசத்துல 240 நாள் வேலை பார்த்தா ஒரு வருஷ தொடர் சர்வீஸ். அதுக்கப்புறம் ஆட்குறைப்பு பண்ணணும்னா ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா அதுக்கான சம்பளம், கூடவே முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம் நஷ்டஈடு. புது தொழில் உறவு தொகுப்புலயும் இந்த அளவு தொடருது.

2. 480 நாள். இது தமிழ்நாட்டோட சொந்தச் சட்டம், 1981-ல வந்தது. 24 மாசத்துல 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரம் பண்ணணும்.

3. 5 வருஷம். 1972 கிராஜுவிட்டி சட்டம் போட்ட கோடு, பொதுவா அத்தனை வருஷம் சர்வீஸ் இருந்தா தான் கிராஜுவிட்டி.

கோடு போட்டா கோட்டுக்கு ஒரு அடி முன்னாடி நிக்கிறது மனுஷ சுபாவம். அதனால தான் "பிரேக்" கொடுக்கிற பழக்கம் வந்துச்சு. 480 நெருங்குறப்ப கொஞ்ச நாள் வீட்ல இருன்னு அனுப்பிட்டு வேற கான்ட்ராக்டர் பேர்ல திரும்ப எடுக்கிறது. ஆள் அதே ஆள், மிஷின் அதே மிஷின், பி.எஃப் பாஸ்புக்ல மட்டும் நிறுவனத்தோட பேர் மாறியிருக்கும். பாதுகாக்க வந்த சட்டமே நடைமுறைல நிச்சயமின்மைய உண்டாக்குற காலண்டரா மாறிப்போச்சு. சட்டம் தப்புன்னு சொல்ல வரல, அமல்படுத்த ஆள் இல்லாத சட்டம் இப்படித் தான் திரும்பும்.

தேதி போட்ட ஆர்டருக்கும் ஒரு கதை இருக்கு. 1976-ல சுந்தரமணி வழக்குல, ஸ்டேட் பேங்க் ஒரு தற்காலிக ஊழியருக்கு ஆர்டர்லயே முடியுற தேதி போட்டு கொடுத்திருந்துச்சு. தேதி முடிஞ்சு வெளிய அனுப்பினாலும் அது ஆட்குறைப்பு தான், நஷ்டஈடு விதி பொருந்தும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 1984-ல நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஒப்பந்தத் தேதி முடிஞ்சு புதுப்பிக்காம விட்டா அது ஆட்குறைப்பு ஆகாதுன்னு ஒரு உட்பிரிவு சேர்த்துச்சு. இன்னைக்கு நாம பேசுற ஃபிக்ஸட் டேர்ம் விவாதத்துக்கு வேர் அங்க இருக்கு, 2025-ல திடீர்னு முளைச்சது இல்ல.

2025 நவம்பருக்கு அப்புறம் மாறினது

29 மத்திய சட்டத்தை நாலு தொகுப்பா ஆக்கினதுல நம்ம விஷயத்துக்கு முக்கியமானது மட்டும்:

- 300 பேருக்குக் கீழ இருக்கிற ஃபேக்டரி ஆட்குறைப்புக்கும் மூடுறதுக்கும் அரசு முன் அனுமதி வாங்க வேண்டியதில்ல. முன்னாடி இந்த எல்லை 100. சிப்காட்ல இருக்கிற நடுத்தர சப்ளையர் யூனிட்டுங்க நிறைய இந்த 100-க்கும் 300-க்கும் நடுவுல தான் வரும்.

- ஃபிக்ஸட் டேர்ம் ஆளுக்கு அதே வேலை பார்க்கிற பெர்மனென்ட் ஆளுக்கு இருக்கிற சம்பளம், நேரம், சலுகை தரணும். ஒரு வருஷம் முடிச்சா கிராஜுவிட்டி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் (டி.ஏ) சேர்ந்து மாசம் 18,000 ரூபாய்னா ஒரு வருஷத்துக்கு 18,000-ஐ 26-ஆல வகுத்து 15-ஆல பெருக்கணும், 10,384 ரூபாய் சொச்சம் வரும். ஆனா எத்தனை தடவை புதுப்பிக்கலாம்னு சட்டத்துல உச்சவரம்பு இல்ல, அதனால ஒரே ஆளை வருஷா வருஷம் புது ஆர்டர்ல வெச்சு ஓட்டவும் வழி இருக்கு.

- ஒப்பந்தத் தொழிலாளர் விதி பொருந்த 20 பேர்னு இருந்த எல்லை 50 ஆயிடுச்சு. சின்ன கான்ட்ராக்டர்கிட்ட இருக்கிறவங்க இந்தப் பாதுகாப்புக்கு வெளிய போறாங்க.

- ஆட்குறைப்புக்கு ஆளானவங்களுக்கு நஷ்டஈடு போக, மறுபயிற்சி நிதின்னு 15 நாள் சம்பளம் தனியா.

- எல்லாருக்கும் அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கட்டாயம். வேலையை விட்டாலோ நிறுத்தினாலோ சேர வேண்டிய சம்பளத்தை ரெண்டு வேலை நாளுக்குள்ள செட்டில் பண்ணணும்.

ஆக, பெர்மனென்ட் ஒழிஞ்சு போச்சுன்றது தப்பு. பெர்மனென்ட் கொடுக்காமலே சட்டப்படி நடத்த வழி அகலமாச்சுன்றது சரி. காண்ட்ராக்ட்ல இருக்கிறவங்களை கம்பெனிங்க ஃபிக்ஸட் டேர்முக்கு மாத்தினா அது ஒரு படி மேல, ஏன்னா குறைஞ்சபட்சம் முதலாளி யாருன்னு பேப்பர்ல இருக்கும், தேதியும் தெரியும், மாம்பழக்கூழ் சீசன் மாதிரி ஒரு கணக்கு போட்டுக்கலாம். ரோல்ல எடுக்க வேண்டியவங்களை ஃபிக்ஸட் டேர்முக்குத் தள்ளினா அது ஒரு படி கீழ. எந்தப் பக்கம் போகுதுன்னு கம்பெனிக்குக் கம்பெனி தான் பார்க்கணும்.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு

வாகனத் தொழில்ல ஆர்டர் ஏறி இறங்கும். பெட்ரோல் வண்டி பாகம் பண்ற யூனிட்டுக்கு எலெக்ட்ரிக் வண்டி வர வர எந்த பாகம் அஞ்சு வருஷம் கழிச்சு இருக்கும்னே தெரியாது, கஸ்டமர் மூணு மாசத்துக்கு மேல உறுதியா ஷெட்யூல் கொடுக்கிறதில்ல. கஸ்டமரோட நிச்சயமின்மை சப்ளையர் தலைல, சப்ளையரோடது கான்ட்ராக்டர் தலைல, கடைசில அது ரூம் வாடகை கட்டுற பையன் தலைல விடியுது. ஆர்டர் குறையறதை யாராலயும் நிறுத்த முடியாது. ஆனா குறையுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே சொல்றதா, கேட்ல வெச்சு சொல்றதான்றது கம்பெனி கையில தான் இருக்கு. சொல்லாம விட்டா வதந்தி சொல்லிடும், வதந்திக்கு நோட்டீஸ் பீரியட் கிடையாது, நல்ல ஆளுங்க தான் முதல்ல கிளம்புவாங்க. யாரை எந்த அடிப்படைல நிறுத்துறோம்னு முன்னாடியே தெரியப்படுத்துறது, தப்பை சொன்னவன் பேரை ரிஜெக்சன் லிஸ்ட்ல இருந்து பிரிச்சு வைக்கிறது, ஆர்டர் திரும்பினா பழைய ஆளை முதல்ல கூப்பிடுறது, இதுக்கெல்லாம் பெருசா செலவு இல்ல. கடைசியா சொன்னது ஆட்குறைப்பு பண்ணப்பட்டவங்க விஷயத்துல சட்டத்துலயே இருக்கு.

வேலைல இருக்கிறவங்க இப்பவே பார்த்து வைக்க வேண்டியது

1. லெட்டர்ல முதலாளின்னு யார் பேர் இருக்கு, கம்பெனியா கான்ட்ராக்டரா. முடியுற தேதி இருக்கா. ட்ரெய்னின்னு போட்டிருக்கா, தொழிலாளின்னு போட்டிருக்கா.

2. பி.எஃப்ல யு.ஏ.என் நம்பர் ஒண்ணு தான் இருக்கணும். கான்ட்ராக்டர் மாறுறப்ப புதுசா இன்னொண்ணு ஆரம்பிச்சிருந்தா பழையதோட இணைக்கச் சொல்லணும், இல்லன்னா சர்வீஸ் துண்டு துண்டா நிக்கும்.

3. சம்பள ஸ்லிப், வருகைப் பதிவு, ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் மெசேஜ், கேட் பாஸ், ஐ.டி கார்டு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து ஃபோன்ல இல்லாம வேற இடத்துலயும் சேமிக்கணும். 240-ஐயோ 480-ஐயோ காட்ட வேண்டிய நாள் வந்தா முதல்ல கேக்கிறது இது.

4. ராஜினாமா எழுதிக் கொடுன்னு சொன்னா யோசிச்சு கையெழுத்து போடணும். தானா விட்டுப் போனேன்னு எழுதிட்டா ஆட்குறைப்பு நஷ்டஈடு கேக்க வழி அடைபட்டுடும். அவங்க நிறுத்துறாங்கன்னா அவங்க லெட்டர் தரட்டும்.